கூழைக்கடாவின் மூன்று நாள்

அந்த வருடத் தவக்காலத்தில் அம்மா எங்கள் வீட்டு ரீவியை ஊதாத் துணியால் மூடிவிட்டார். கோயிலில் பாடுகளின் நாட்கள் நெருங்கும்போதுதான் சுரூபங்களை மூடுவார்கள். அம்மா அவ்வளவு நாள் பொறுக்கவில்லை. விபூதிப் புதனன்று நெற்றியில் பூசிய சாம்பல் அழியும் முன்பே அலுமாரியிலிருந்து துணியை எடுத்துவிட்டார். ரீவிக்குப் பக்கத்தில் நின்ற அந்தோனியார் சுரூபத்தைத் தனியே விட மனமில்லாமல் இரண்டையும் சேர்த்து ஒரே துணியால் போர்த்துக் கட்டினார். நாற்பது நாளும் படம் இல்லை, பாட்டு இல்லை, இறைச்சி இல்லை. தம்பிக்கு அப்போது ஏழு வயது, எனக்குப் பதினொன்று. ஒறுத்தல் செய்தால் ஆன்மா வெளுக்கும் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அந்த வருடம் எங்கள் ஆன்மா வெளுத்ததுபோல அதற்குப் பிறகு எந்த வருடமும் வெளுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் வீடு ஊர்காவற்றுறையில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அப்பா பரவைக்கடலில் தடி நட்டு வலை கட்டித் தொழில் செய்தார். அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. அவர் எங்கள் பாடசாலையில் இங்கிலீஷ் படிப்பித்தார். பாடசாலையில் எனக்கு அவர் ‘சேர்’. வீட்டில் அவர் இல்லை. அவரைப் பற்றிய பேச்சே வீட்டில் எழாது. தப்பித்தவறிப் பேச வேண்டி வந்தால் ‘உன்ரை இங்கிலீஷ் சேர்’ என்பார் அம்மா. கூடப்பிறந்த தம்பியை மகளின் வாத்தியாராக மட்டும் தெரிந்துவைத்திருந்த அக்கா தீவுப்பகுதி முழுவதிலும் வேறொருவர் இருந்திருக்க மாட்டார்.

காரணம் எனக்குப் பெரியவளான பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. சண்டைக்காலத்தில் சனங்கள் தீவுகளை விட்டு வள்ளங்களில் ஓடியபோது அம்மாவுக்குப் பதினேழு வயது. தாய் தகப்பன் இருவரும் அதற்கு முன்பே இறந்துபோய்விட்டார்கள். ஆறு வயதுத் தம்பி காய்ச்சலில் கொதித்தபடி அம்மாவின் மடியில் கிடந்தான். வள்ளத்தில் ஒரு மிடறு நல்ல தண்ணீர்கூட இல்லை. ‘ஆண்டவரே, இவனைத் தப்ப வையும், இவனை உமக்கே தாறன்’ என்று அம்மா நேர்ந்துகொண்டார். தம்பி தப்பினான். அம்மா சொன்ன சொல் தவறாமல் அவனைக் குருமடத்துக்கு அனுப்பினார். மாமாவும் அக்காவின் சொல்லுக்காகப் பத்து வருடத்துக்கு மேல் அங்கே இருந்தார். குருப்பட்டத்துக்கு ஒரு வருடம் இருக்கையில், தன்னால் ஏலாது என்று வெளியே வந்துவிட்டார். பிறகு வேலணையில் ஒரு சைவக் குடும்பத்து ரீச்சரைக் கல்யாணம் செய்தார்.

அம்மாவுக்கு அதனால் கோபம் என்று ஊர் நினைத்தது. அது கோபமல்ல, பயம். ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுத்த குடும்பத்திலிருந்து அவர் வேறு யாரையாவது கேட்பார் என்று அம்மா நம்பினார். அப்பா கடலால் வரப் பிந்தினாலும், எனக்கோ தம்பிக்கோ மேல் சுட்டாலும் அம்மா முழங்காலில் நின்றுவிடுவார். மாமாவோடு கதைத்தால் அவர் செய்தது சரியென்று தானும் கைநாட்டு வைத்ததாகிவிடும் என்று நாலு வருடமாக வாயைப் பூட்டிக்கொண்டிருந்தார். அந்த நாலு வருடமும் அம்மா எப்படித்தான் நித்திரை கொண்டாரோ என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. பெரியவர்கள் சிலர் சிலரோடு கதைப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த மாமா எங்கள் வகுப்புக்கு ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை நாளுக்கு இரண்டு பக்கமாக வாசித்துக் காட்டி, தமிழில் விளக்கம் சொன்னார். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காக எழுதிய மாயக்கதை. ஒரு தேசத்தில் கிணறெல்லாம் உவர்த்துப்போகிறது. உப்பரசன் என்றொருவன் அங்கே ஆட்சிக்கு வருகிறான். எங்களுக்கு இதில் மாயம் எங்கே இருக்கிறதென்று விளங்கவில்லை. எங்கள் வீட்டுக் கிணறே சவர்தான். குடிக்கிற தண்ணீர் பவுசர் வண்டியில் வரும். முன் வாங்கில் இருந்த ஒருத்தி எழும்பி, “சேர், அங்கை பவுசர் வாறேல்லையோ?” என்று கேட்டாள்.

அந்தத் தேசத்தில் ஓர் அக்காவும் தம்பியும் இருக்கிறார்கள். தம்பி தாகத்தில் சாகக் கிடக்கிறான். அக்கா கடலைப் பார்த்து, தண்ணீர் தருகிறவர் யாரோ அவருக்கே இவனைத் தருகிறேன் என்று கத்துகிறாள். அவள் கையிலிருந்த வெறுங்கோப்பையில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. யார் தந்ததென்று அவளுக்குத் தெரியாது. வருடங்கள் போனபின் உப்பரசன் வந்து, தந்தது நான், பொடியனைக் கொண்டுவா என்கிறான். அப்போது கடலிலிருந்து ஒரு பெரிய கூழைக்கடா வருகிறது. அவனுக்குப் பதிலாகத் தான் வருகிறேன் என்று உப்புப் பாறைக்குப் போகிறது. அங்கே தன் சொண்டாலேயே நெஞ்சைக் கிழித்து இரத்தம் சிந்திச் செத்துப்போகிறது. மூன்றாம் நாள் எழும்புகிறது.

“சேர், இது யேசு!” என்று நான் கத்திவிட்டேன். வகுப்பில் பாதிப்பேர் சைவப் பிள்ளைகள். பின்வாங்கில் ஒருவன், “இல்லை சேர், எங்கடை சிவபெருமான் நஞ்சு குடிச்ச மாதிரி” என்றான். மாமா இருவரையும் பார்த்துச் சிரித்து, “முதல்லை கதையைக் கேளுங்கோ. ஆரெண்டு பிறகு பாப்பம்” என்று சொல்லிவிட்டார். இடைவேளையில் என்னைத் தனியே கூப்பிட்டு, எங்கள் கோயில் நற்கருணைப் பேழையின் கதவில் ஒரு பறவை செதுக்கியிருக்கிறதே, அது என்ன பறவை என்று கேட்டார். நான் வாத்து என்றேன். அது கூழைக்கடா என்றும், குஞ்சுகளுக்குத் தன் இரத்தத்தையே ஊட்டும் பறவை என்று அந்தக் காலத்தில் நம்பியதால் அதை ஆண்டவருக்கு அடையாளமாகக் கோயில்களில் வைத்தார்கள் என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து என் தொல்லை தாங்க முடியாமல் போயிற்று. கதையில் மூன்று என்று எங்கு வந்தாலும் பரிசுத்த திரித்துவம் என்றேன். பன்னிரண்டு வந்தால் அப்போஸ்தலர்கள். யாரோ ஒரு கிழவர் சேவல் வளர்த்தார் என்று வந்ததும் பேதுருவைப் பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். சேவல் சும்மா சேவலாகவும் இருக்கலாம் என்று மாமா சொன்னதை நான் ஏற்கவில்லை. கடைசியில் அவர் புத்தகத்தையே என்னிடம் தந்துவிட்டார். வீட்டில் அம்மா அதைக் கையில் வாங்கி, “ஆர் தந்தது?” என்றார். “இங்கிலீஷ் சேர்” என்றேன். அம்மா சிறிதுநேரம் அட்டைப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னுடைய மற்றப் புத்தகங்களைப் போலவே அதற்கும் மண்ணிறத் தாளில் உறை போட்டுத் தந்தார். நான் அதை அகராதியோடு இரண்டு தரமும் அகராதி இல்லாமல் ஒரு தரமும் வாசித்தேன்.

அந்தக் கதை படமாகவும் வந்திருக்கிறது, அதுவும் தமிழில் பேசுகிறது, சேரிடம் அது இருக்கிறது என்று பங்குனி மாதத்தில் வகுப்பில் செய்தி பரவியது. என் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரீவியோ அந்தோனியாரோடு துணிக்குள் இருக்கிறது. படமோ வீட்டில் பெயர் சொல்லக்கூடாத மனிதரிடம் இருக்கிறது.

பெரிய வெள்ளியன்று காலையில் சிலுவைப்பாதை முடிந்து கோயில் வளவில் கஞ்சி வார்த்தார்கள். அந்தக் கஞ்சிக்கு வேதக்காரர் சைவக்காரர் என்று பேதமில்லை, யாரும் வந்து குடிப்பார்கள். மாமா வரிசையின் கடைசியில், பனையோலைப் பிளாவைக் கையில் பிடித்தபடி நின்றார். வருடாவருடம் அன்றைக்கு மட்டும் அவர் கோயில் வளவுக்குள் வருவார். கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். எனக்குப் படத்தைத் தவிர வேறு எந்த நினைவும் இல்லை. ஓடிப்போய், ஊர் முழுக்கக் கேட்க, “மாமா, படம் கொண்டு வந்தனீங்களோ?” என்று கேட்டுவிட்டேன். சேர் என்று கூப்பிட மறந்துபோனேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் கஞ்சிச் சட்டியோடு நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தார். அப்பாதான் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை ஆசைப்படுகுது. பின்னேரம் வீட்டை வாருமன்” என்றார் அப்பா.

“அக்கா…” என்றார் மாமா.

அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரிய வெள்ளியன்று யாரையும் வராதே என்று சொல்ல அவரால் முடியவில்லைப் போலும். இதை நான் என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

பின்னேர வழிபாடு முடிந்து வந்து பார்த்தால் மாமா வாசலில் நின்றார், தோளில் மடிக்கணினிப் பையோடு. அம்மா குசினி வாசற்படியில் செபமாலையோடு இருந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

“இண்டைக்குப் படம் பாக்கிறதெண்டால் பாவம் பிள்ளை.”

“கோயில் மண்டபத்திலை பங்குச் சுவாமி யேசுவின்ரை படம் போடுறவர்தானே? இதுவும் யேசுதான் அம்மா. அந்தக் கூழைக்கடாதான் யேசு.”

அப்பாவுக்கு இது பெரிய அடி. எங்கள் கடலில் கூழைக்கடா என்றால் கட்டிய வலைக்குள் இறங்கி வயிறு முட்டத் தின்றுவிட்டு, வலையையும் கிழித்துவிட்டுப் போகிற சாமான்.

“கூழைக்கடாவோ? அந்தக் கள்ளன் எப்ப ஆண்டவரானவன்?” என்றார்.

நான் பேழைக் கதவைச் சாட்சிக்கு இழுத்தேன். இப்போது அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். சனிக்கிழமைகளில் பீடத்துப் பித்தளைகளைத் துடைப்பவர் அவர்தான்.

“அது கூழைக்கடாவோ? நான் கிழமைக்குக் கிழமை துடைக்கிறனான். பரிசுத்த ஆவி எண்டெல்லோ இவ்வளவு நாளும் செபம் சொன்னனான்!”

“பரிசுத்த ஆவிக்கு இவ்வளவு நீளச் சொண்டோ, அக்கா?” என்றார் மாமா.

அம்மாவின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன். அவர் மறுபடி செபமாலைக்குத் திரும்பிவிட்டார். அப்பா அதையே உத்தரவு என்று வைத்துக்கொண்டு மேசையைத் துடைத்தார். மாமா மடிக்கணினியைத் திறந்தார்.

படம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே எனக்குப் பொறுக்கவில்லை. புத்தகத்தில் அக்காவுக்குப் பன்னிரண்டு வயது. படத்தில் உதட்டுக்குச் சாயம் பூசிய பெரிய பெட்டை. சேவல் வளர்த்த கிழவரைக் காணவே இல்லை. பேதுரு போய்விட்டார். கூழைக்கடா வாயைத் திறந்ததும் சென்னைப் படக் கதாநாயகன் மாதிரிப் பேசியது. ஒவ்வொன்றுக்கும் நான் ‘புத்தகத்தில் இப்படி இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பி என் வாயைப் பொத்தினான்.

அந்த அக்கா கடலைப் பார்த்து, தண்ணீர் தந்தால் இவனைத் தருகிறேன் என்று கத்திய இடத்தில் நான் தற்செயலாகத் திரும்பினேன். அம்மாவின் விரல் செபமாலையின் ஒரு மணியிலேயே நின்றது. அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவோ படத்தைப் பார்க்கவில்லை, கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பார்த்த படம், அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

உப்புப் பாறையில் கூழைக்கடா நெஞ்சைக் கிழித்துக்கொண்டது. தம்பி அழத் தொடங்கினான். அப்பாகூட, “பாவம், என்னதான் கள்ளனெண்டாலும்” என்றார். நான் தம்பியைத் தேற்றினேன். “அழாதை, இந்தா இப்ப எழும்பும் பார்” என்றேன்.

“நிப்பாட்டு” என்றார் அம்மா.

எல்லோரும் திரும்பினோம்.

“ஆண்டவரே மூண்டாம் நாள்தான் எழும்பினவர். கோயில்லை உயிர்ப்பு மணி இன்னும் அடிக்கேல்லை. இந்தக் குருவி அரை மணித்தியாலத்திலை எழும்பிறதோ? மிச்சம் ஞாயிற்றுக்கிழமை.”

நான் அழுதேன், காலை உதைத்தேன். உலகத்தில் வேறெந்த வீட்டிலாவது படத்தை இரண்டு நாள் நிறுத்தி வைப்பார்களா என்று கேட்டேன். மாமாவிடம், அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், ஞாயிறு விடியவே நாங்கள் பார்க்கிறோம் என்று கெஞ்சினேன். அதற்கும் அம்மா குறுக்கே வந்தார். இந்தத் தரம் என்னைப் பார்த்துப் பேசவில்லை.

“இஞ்சை வைச்சிட்டுப் போகாதை. பிள்ளையள் களவாப் பாத்திடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீயே கொண்டு வா. மத்தியானத்துக்கு முதல் வா.”

“ஓம் அக்கா.”

“இறைச்சி காய்ச்சுவம்.” அம்மா கொஞ்சம் நிறுத்தினார். “உங்கடை வீட்டிலை மச்சம் புழங்கிறதோ?”

“வெள்ளிக்கிழமை இல்லை. ஞாயிறு புழங்கும்.”

“எங்களுக்கும் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லைத்தானே” என்றார் அம்மா.

இறைச்சியைப் பற்றி ஏன் இவ்வளவு கதை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்காக ஒரு சொல்கூடப் பேசாமல் மாமா மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தார். போகும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறார் என்று நான் அவரையும் யூதாசின் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

சனிக்கிழமை நான் அம்மாவோடு கதைக்கவில்லை. தம்பி செத்த பறவைக்காக ஒரு மெழுகுதிரி கேட்டு அடம்பிடித்தான். அப்பா காலையில் வலை பார்க்கப் போய் வந்து, ஒரு கூழைக்கடா வலைக்குள் நின்றதென்றும், கல்லெறியக் கையைத் தூக்கியும் எறிய மனம் வரவில்லை என்றும் வெட்கத்தோடு சொன்னார். அம்மா வீடு முழுவதையும் கழுவினார். பெட்டியிலிருந்து நல்ல கோப்பைகளை எடுத்து வெயிலில் வைத்தார். பாஸ்காப் பெருநாளுக்கு இதெல்லாம் நடப்பதுதான். ஆனால் இந்த வருடம் ஒரு கதிரையை அயல்வீட்டில் இரவல் வாங்கினார்.

ஞாயிறு பதினொரு மணிக்கு மாமாவின் மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் மாமி இருந்தார். நான் அவரை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். நெற்றியில் சின்னதாகத் திருநீற்றுக் கீறு, கையில் பயற்றம் பணியாரம் போட்ட தகரப்பேணி. படலையடியில் இறங்கியவர் உள்ளே வராமல் நின்றார். அம்மா குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்தார்.

“ஏன் வெயிலுக்கை நிக்கிறீர்? உள்ளுக்கை வாரும்” என்றார்.

மாமி, “மச்சாள்…” என்று ஏதோ சொல்ல வந்தார். அம்மா பேணியை வாங்கிக்கொண்டு அவரைக் குசினிக்கே கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம் தேங்காய் திருவினார்கள், கதைத்தார்கள், சாப்பாடு பரிமாறினார்கள். செத்த பறவை ஒன்று மடிக்கணினிக்குள் எழும்பக் காத்திருக்கிறதே என்ற கவலை என்னையும் தம்பியையும் தவிர அந்த வீட்டில் எவருக்கும் இல்லை.

ஒருவழியாகச் சாப்பிட்டு முடிந்து படம் போட்டார்கள். எழும்புகிற கட்டம் படத்தில் பெரிய ஆரவாரம். வெளிச்சம், இடி, உப்புப் படையோடு ஒரு சண்டை. புத்தகத்தில் அந்தச் சண்டை கிடையவே கிடையாது. கிணறுகள் பொங்கின. சனங்கள் தண்ணீரில் துள்ளினார்கள். அந்த அக்கா கடற்கரையில் தனியே நின்றாள். கூழைக்கடா அவள் தலைக்கு மேலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பறந்துபோனது. பெயர்கள் ஓடத் தொடங்கின.

“முடிஞ்சுதோ?” என்றார் அம்மா. “அந்தப் பெட்டைக்கு ஒண்டும் சொல்லாமப் போட்டுதோ?”

எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும். “புத்தகத்திலை சொல்லும் அம்மா! இவங்கள் அதை விட்டிட்டாங்கள். நல்ல இடமே அதுதான்” என்று துள்ளி எழும்பினேன். ஓடிப்போய் உறை போட்ட புத்தகத்தை எடுத்துவந்து, எல்லோருக்கும் நடுவில் நின்று, பெரிய ஆள்போல வரி வரியாகத் தமிழில் சொன்னேன். நீ எழும்பிவிட்டாய், ஆனால் நான் கொடுத்த வாக்கு என்னாவது என்று அந்த அக்கா அழுதுகொண்டு கேட்கிறாள். அதற்குக் கூழைக்கடா சொல்கிறது: “அன்று உன் கோப்பையில் தண்ணீர் தந்தது நான். ஆனால் அவனைத் தா என்று நான் உன்னிடம் கேட்கவே இல்லையே.”

அம்மா என்னையே பார்த்தார்.

“மறுக்கா வாசி” என்றார்.

நான் தமிழில் சொன்னது அம்மாவுக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, இந்தத் தரம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னேன்.

“மறுக்கா.”

மூன்றாம் தரம் வாசித்தேன். இன்னும் இரண்டு பக்கம் இருந்தது, அதையும் தொடங்கினேன். அம்மா காத்திருக்கவில்லை. எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். மாமி அவருக்குப் பின்னால் போனார். மாமா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு இரவல் கதிரையில் இருந்தார். கதையில் இவ்வளவு நல்ல கட்டத்தில் எல்லோரும் இப்படிக் குழப்பினால் எப்படி என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மா ஒரு கோப்பை நிறையச் சோறும் இறைச்சிக்கறியுமாகத் திரும்பி வந்தார். சாப்பிட்டு இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. அதை மாமாவின் கையில் கொடுத்து, “நீ வடிவாச் சாப்பிடேல்லை, தம்பி. சாப்பிடு” என்றார். மாமா மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். அம்மா அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, அவர் சாப்பிட்டு முடியும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மிச்ச இரண்டு பக்கத்தையும் தம்பிக்கு மட்டும் வாசித்து முடித்தேன்.

அடுத்த தவணை தொடங்கியதும் வகுப்பில் எல்லோருக்கும் முடிவாகச் சொன்னேன்: படத்தைவிடப் புத்தகம்தான் திறம், இங்கிலீஷே தெரியாத எங்கள் அம்மாவுக்குக்கூட அது விளங்கிவிட்டது, அவருக்குப் படம் கொஞ்சமும் பிடிக்கவில்லை, பாதியிலேயே நிப்பாட்டச் சொல்லிவிட்டார்.